தரகரின் வியாழக்கிழமை

எங்கள் தொழில் ஊக்குவிப்பு அலுவலகத்தில் அவருக்குத் தரகர் என்று பெயர். சிறு பட்டறைகளின் சரக்கை வாங்க வெளிநாட்டில் ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. ஊருக்கெல்லாம் வரன் முடிப்பவர் தனக்கு ஒன்று முடிக்கவில்லையே என்று கேலி பேசுவோம். காதில் விழும், கண்டுகொள்ள மாட்டார். அம்மா போனபிறகு ஒற்றை அறையில் இருந்தார். அலுவலகம் பூட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். அறைக்குப் போய்ச் சுவரோடுதானே பேச வேண்டும்?

வியாழக்கிழமை மட்டும் காலையிலேயே முகம் தெளிந்திருக்கும். ரப்பர் பட்டறைக்குப் போகும் நாள். தண்ணீர்க் குழாய் மூட்டுகளுக்கு வளையம் செய்யும் இடம் அது. புருஷன், பெண்டாட்டி, கொழுந்தன் என்று மூன்று பேர் தகரக் கொட்டகையில் தொடங்கியது. முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய வளையங்கள் போன வேகத்தில் திரும்பின. வெயிலில் வெடிக்கிறதாம்.

"போதும்ணே, உள்ளூர்லயே வித்துப் பொழச்சுக்கிறோம்" என்று முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவர் விடுகிற ஆளா? சோதனைக்கூடத்துக்கு நடையாய் நடந்தார். புது மெஷினுக்கு மானியம் வாங்கிக் கொடுத்தார். மறுபடி அனுப்பிய சரக்கு திரும்பவில்லை, ஆர்டர்தான் வந்தது. அதற்குள் அவருக்கென்று அங்கே காது உடைந்த நீலக் கப் ஒன்று ஏற்பட்டிருந்தது. வேறு யாரும் அதில் டீ குடிக்கக் கூடாது என்பது அம்மாளின் கட்டளை.

எங்கள் அலுவலகச் சட்டம் பொல்லாதது. ஐம்பது பேருக்கு வேலை கொடுத்து ஏற்றுமதியும் நிலைத்துவிட்டால், அந்தக் கம்பெனி தலைமை அலுவலகத்தின் பொறுப்புக்குப் போய்விடும். இனி எங்கள் துணை வேண்டாம் என்று வளர்த்தவரே கையெழுத்துப் போட வேண்டும். ரப்பர் பட்டறையும் அந்த ஐம்பதைத் தொட்டது.

"இன்னும் ஒரு வருஷம் துணை வேணும்னு எழுதிடுங்களேன். யாரு கேக்கப்போறாங்க?" என்றேன்.

"அங்க போனாத்தாம்மா பெரிய கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நிக்கும். இன்னும் அறுபது பேருக்கு வேலை கிடைக்கும். என் டீக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா?"

கையெழுத்துப் போட்டார். அடுத்த வியாழக்கிழமை முழுக்க மேஜை டிராயரை அடுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

சில மாதம் பொறுத்து, லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போயிருக்கிறார். மறுநாள் அவரே சொன்னார். கொட்டகை இல்லை, மதில் எழும்பியிருக்கிறது. வாசலில் புதுக் காவலாளி.

"அம்மா வெளிநாட்டுக்காரங்களோட மீட்டிங்ல இருக்காங்க சார். முன்னாடியே சொல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு ரூல்."

அந்த ரூலே இவர் போடச் சொன்னதுதான். வெளிநாட்டில் இதெல்லாம் பார்ப்பார்கள் என்று அம்மாளிடம் மன்றாடியிருக்கிறார்.

"வந்தவங்க விவரம் எழுதணும். நீங்க எந்தக் கம்பெனி சார்?"

எத்தனையோ கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர், அவன் நீட்டிய நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"கம்பெனியெல்லாம் இல்லப்பா. நீ எப்பச் சேர்ந்தே?"

"போன மாசம் சார். ரொம்ப நாள் வேலையில்லாமக் கெடந்தேன்."

"அறுபதுல ஒருத்தன்!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் டிராயரைத் திறந்தார், மூடினார்.

"அந்த நீலக் கப்பு இருக்கான்னு அவன்கிட்ட கேக்காம வந்துட்டேன்" என்றார்.