பேச்சு டூட்டி

எங்கள் கம்பெனியில் பர்ன்அவுட் ஆராய்ச்சி நடக்கப்போகிறது என்று எச்.ஆர். சார் போனில் சொன்னதும், தீக்காயக் களிம்பு இருப்பில் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். முதலுதவி அறை நர்சுக்கு பர்ன் என்றால் அது ஒன்றுதான். சால்டரிங் கம்பி பட்டு விரல் கொப்பளித்து வரும் பெண்கள் எனக்கு வாடிக்கை. இருந்த டியூபுகளையெல்லாம் மேசைமேல் அடுக்கிவைத்துக் காத்திருந்தேன்.

வந்தவர் கண்ணாடி போட்ட, துணிப்பை மாட்டிய ஒரு பெண். வேலை செய்கிறவர்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். களிம்பைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றார்.

"உங்க ஆராய்ச்சிக்குத்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கிவிட்டது. வேலை செய்து செய்து ஒருத்தர் உள்ளுக்குள் கருகிப்போவதற்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

கம்பெனி வாலாஜாபாத்தைத் தாண்டி இருக்கிறது. செல்போனுக்குள் போகும் சின்னச் சின்னத் தகடுகள் செய்கிறோம். வேலை பார்க்கும் பெண்களில் பாதிப்பேர் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். நானும் அதே பஸ்தான். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி அசெம்ப்ளி லைனில் சீனியர். வாய் கொஞ்சம் நீளம். அவளைத்தான் முதல் ஆளாக ஆராய்ச்சிக்காரர் முன்னால் உட்கார வைத்தேன்.

கேள்விகள் தமிழில்தான் இருந்தன. "கடந்த சில வாரங்களில் பணியின் காரணமாக உணர்வுரீதியாக வெறுமையடைந்ததாக உணர்ந்தீர்களா?" என்று அவர் வாசித்தார்.

பக்கத்து சீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "இன்னா நர்சக்கா கேக்குறாங்க இவங்க?"

"உள்ள காலியா இருக்கற மாதிரி தோணுதான்னு கேக்குறாங்க."

"ஆமா மேடம். நாஷ்டா துன்னாம வந்தா காலியாத்தான் கீது. கேண்டீன்ல இட்லி போட்டாங்கன்னா சரியாப்பூடுது."

ஆராய்ச்சிக்காரர் அதையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்.

பெயர் எழுத வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் யாரும் நம்பவில்லை. காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம் வேறு. அதனால் லைனில் இருந்த அத்தனை பெண்களும் எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முந்தின நாள்தான் என் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்ணும் அப்படியே சொன்னாள்.

"இவ்வளவு சந்தோஷமான கம்பெனிய நான் பார்த்ததே இல்ல" என்றார் ஆராய்ச்சிக்காரர், அழாத குறையாக.

எச்.ஆர். சாருக்கோ பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் மேலிடத்துக்குக் காட்ட ஏதாவது செய்ய வேண்டுமே என்று, சோர்வு அதிகம் உள்ளவர்களுக்கு மதியம் ஏசி ஹாலில் கவுன்சலிங், டீ, பஜ்ஜி உண்டு என்று அறிவித்தார். மறுநாள் கேட்டபோது கம்பெனியே கருகிப்போயிருந்தது. புதுசாகக் கல்யாணம் ஆகி, யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், வாழ்க்கையில் பிடிப்பே இல்லை என்று சொல்லிவிட்டு, "பஜ்ஜி வாழக்காயா மேடம், மொளகாயா?" என்று விசாரித்தாள்.

ஆராய்ச்சிக்காரர் என் அறைக் கட்டிலில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். மாத்திரை வாங்க வந்திருந்த பக்கத்து சீட்டுக்காரிக்கு அவரைப் பார்த்துப் பாவமாகிவிட்டது.

"மேடம், கம்பெனிக்குள்ள எங்களாண்ட இன்னா கேட்டாலும் கம்பெனி பேச்சுதான் வரும். எங்கள பாக்கணும்னா எங்க பஸ்ல வாங்க."

அப்படித்தான் அவர் அன்று என் வீட்டில் வந்து தங்கினார். மறுநாள் விடிவதற்கு முன்பே எழுப்பிவிட்டேன். அந்த வேளையில் பஸ்ஸுக்குள் இருக்கும் உலகமே வேறு. ஏறிய உடனே எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து ஒருத்தி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி, யாரென்றே தெரியாதவள் தோளில் சாய்ந்து ஒருத்தி. ஒரே ஒருத்தி மட்டும் முன்னால் டிரைவர் பக்கத்தில், என்ஜின் மூடிமேல் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டு வருவாள்.

"அவங்க ஏன் தூங்கல?" என்று ஆராய்ச்சிக்காரர் என் காதில் கேட்டார்.

"பேச்சு டூட்டி."

விளக்கமாகச் சொன்னேன். எங்கள் டிரைவர் தென்னேரிப் பக்கத்துக்காரர். காலையில் எங்களைக் கொண்டுவந்து விட்டதும் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போவார். பிறகு மதிய ஷிப்டு, அதற்கப்புறம் ராத்திரி ஷிப்டு. எப்போது தூங்குவீர்கள் என்று கேட்டால், "ரயில்வே கேட்டு போட்டா தூங்குவேன்" என்பார். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, வண்டி சாலையைவிட்டு மெல்ல இறங்கி ஒரு நெல்வயலில் போய் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவர் கண் திறந்தபடியே தூங்குகிறார் என்று. மேலே சொன்னால் அவர் வேலை போய்விடும். லேட்டாக வரும் பெண்ணுக்காக வீட்டு வாசல் வரை வந்து ஹாரன் அடிக்கிற மனுஷன் அவர். அதனால் பெண்களே கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். தினமும் ஒருத்தி முன்னால் உட்கார்ந்து அவரைத் தூங்கவிடாமல் பேச வேண்டும். டிவி சீரியல், மாமியார் சண்டை, பக்கத்து வீட்டுக் கோழி, எதுவானாலும் சரி. பேச்சு நிற்கக்கூடாது.

அன்று டூட்டி பக்கத்து சீட்டுக்காரியுடையது. அடுத்த ஊரில் வண்டி நின்றபோது அவள் எங்களிடம் எழுந்து வந்தாள். "மேடம், எனுக்கு கண்ணு சொருவிக்கினு வர்து. இன்னிக்கி நீங்க போய் பேசுங்களேன்."

ஆராய்ச்சிக்காரர் ஆவலாகத்தான் போனார். மழையைப் பற்றிக் கேட்டார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். பாலாறு வருவதற்கு முன்பே சரக்கு தீர்ந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசுங்கள் பேசுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். வேறு வழி தெரியாமல் பையிலிருந்த கேள்விகளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

"வேலைக்குக் கிளம்பும்போதே களைப்பாக உணர்கிறீர்களா?"

"ஆமா மேடம்."

"எப்போதாவதா, அடிக்கடியா, எப்போதுமா?"

"எப்பவும்."

"வேலை முடியும்போது முற்றிலும் சக்தியிழந்ததாக உணர்கிறீர்களா?"

"எப்பவும் மேடம்."

ஆராய்ச்சிக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில். உற்சாகமாக மேலே மேலே வாசித்தார். ஆனால் அவருடைய குரல் ரொம்பவும் மென்மையான குரல். கேள்வியோ ஒவ்வொன்றும் ஒரே நீளம், ஒரே ராகம். எனக்கே கண்கள் சொக்கின. டிரைவரின் 'எப்பவும்' கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, 'எப்...வு...' என்று தேய்ந்தது. பஸ் ஏரிக்கரைப் பக்கமாக மெதுவாகச் சாய்வது என் வயிற்றுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அய்யய்யோ, கேள்விய நிறுத்துங்க மேடம்!" பின்னாலிருந்து பக்கத்து சீட்டுக்காரி கத்தினாள். "மனுசன தூங்க வெச்சிட்டீங்களே!"

பஸ் முழுக்க அலறியது. டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். சாப்பாட்டு டப்பாக்கள் உருண்டு முன்னால் வந்தன. பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, அது பஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஆராய்ச்சிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சிதறிய காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வாலாஜாபாத் டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். டிரைவர் முகத்தைக் கழுவிக்கொண்டு பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்தார். ஆராய்ச்சிக்காரர் காகிதங்களைப் பைக்குள் திணித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, நேத்து எப்பத் தூங்குனீங்க?"

"நேத்தா?" அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "நேத்து தூங்கலியே மேடம். முந்தாநேத்து கொஞ்சம். வூட்டாண்ட போனா எங்க நாயே என்ன பாத்து கொலைக்கிது. யாரோ புது ஆளுன்னு நெனச்சிக்கினு கீது."

டீ கிளாசைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அன்றே ஆராய்ச்சிக்காரர் எச்.ஆர். சாரிடம் போனார். நானும் பக்கத்து சீட்டுக்காரியும் கூடப் போனோம்.

"அவரு நம்ம எம்ப்ளாயி இல்லயே மேடம்" என்றார் சார். "பஸ் காண்ட்ராக்டரோட ஆளு. உங்க ஸ்டடியில வரமாட்டாரு."

"உங்க எம்ப்ளாயி அத்தனை பேரும் அவர் கையிலதான் சார் வர்றாங்க." மென்மையான குரல் அன்று மென்மையாக இல்லை.

டிரைவர் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார் என்பதைச் சார் நம்பவில்லை. பெண்கள் எதையும் பெரிதுபடுத்துவார்கள் என்றார். "அப்டீன்னா நாளைக்கி நீங்களே ஒரு தபா வந்து பாருங்க சார்" என்று பக்கத்து சீட்டுக்காரி அழைப்பு வைத்தாள். போட்டோ எடுத்துப் போடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, உத்திரமேரூரில் வந்து ஏறினார். பெண்கள் ஒதுங்கி நின்று என்ஜின் மூடியைக் காட்டினார்கள்.

அவர் கம்பெனியின் வளர்ச்சி பற்றிப் பேசத் தொடங்கினார். டிரைவர் உடனே கொட்டாவி விட்டார். சார் கிரிக்கெட்டுக்குத் தாவினார். இன்னொரு கொட்டாவி. ஒரு வளைவில் வண்டி லேசாக ஆடியதும் சாருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், வாயில் வந்ததைப் பேசினார். வாயில் வந்தது அவருடைய மாமியார். அந்த அம்மாள் வந்து தங்கியிருப்பது, தான் ஹாலில் படுப்பது, மேலிடத்து போன் ஞாயிற்றுக்கிழமையும் வருவது, சாப்பிட்டது செரிக்காதது எல்லாம் வந்தன. சீட்டு சீட்டாகப் பெண்கள் விழித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். டிரைவருக்கும் தூக்கம் போய்விட்டது. "அப்பறம் இன்னா ஆச்சி சார்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். கம்பெனி கேட்டில் இறங்கும்போது சாருக்குக் குரல் கட்டியிருந்தது.

மதியத்துக்குள் பஸ் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டனுப்பினார். டிரைவரை வேலையைவிட்டு எடுத்தால் நாங்கள் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அவரை யாரும் தொடவில்லை. மதியத்துக்கும் ராத்திரிக்கும் வேறு ஆள் போட்டார்கள். பள்ளிக்கூட வேனை மட்டும் அவர் விடவில்லை. அதை எங்களாலும் விடவைக்க முடியவில்லை.

ஆராய்ச்சிக்காரரின் அறிக்கையில் டிரைவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் இப்போது கம்பெனி பஸ் டிரைவர்களைப் பற்றித் தனியாகவே ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்திருக்கிறார். கேள்விகளை வண்டி நின்ற பிறகுதான் கேட்கிறாராம்.

புது ஏற்பாடு வந்து சில நாள் கழித்து, டிரைவர் என் அறைக் கதவைத் தட்டினார். அதுவரை அவர் உள்ளே வந்ததே இல்லை.

"நர்சம்மா, இன்னாமோ தெரில. ராத்திரி படுத்தா தூக்கம் வர மாட்டேங்கிது. பொரண்டு பொரண்டு படுக்குறேன். பேஜாரா கீது."

பழகக் கொஞ்சம் நாளாகும், பிரஷர் பார்க்கிறேன், உட்காருங்கள் என்றேன். பிரஷர் பட்டையை அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்பினால், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேனுக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தலைவலி என்று வந்த பெண்ணுக்கு வராந்தாவிலேயே மாத்திரை கொடுத்து, மெதுவாகப் பேசச் சொன்னேன்.