தங்கப்பன் கையில் எரியாத டெஸ்டர்

நாற்பது தாண்டிய வயதில் வேலை கற்றுக்கொள்ளப் போகிறவனை ஊர் சும்மா விடுமா? காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் தையல்நாயகி கூடையை இறக்கி வைக்கும்போதே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்னடி, ஒம் புருசன பள்ளிக்கூடத்துல சேத்துட்டியாமே?"

"சேத்தாச்சு. ஃபீஸ நீ கட்டுறியா?"

வாய் அப்படிப் பேசினாலும் மனசுக்குள் அவளுக்கு உறுத்தல்தான். தங்கப்பனைக் கடலைவிட்டு வரவைத்ததே அவள்தான். போன வருஷம் எஞ்சின் நின்றுபோய் அவன் போன படகு இரண்டு நாள் கடலில் அலைந்தது. போனவர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். சிரித்துக்கொண்டேதான் கரையில் குதித்தார்கள். அதன் பிறகு சோறு இறங்காமல் போனது தையல்நாயகிக்குத்தான். அவன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒருநாள், "எனக்காகக் கடல விட்டுட்டு வந்துடுங்க" என்று கேட்டாள். தங்கப்பன் வலையைப் பங்காளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

படகில் விளக்கு எரியாவிட்டால் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பேட்டரி, வயர் எல்லாம் அவனுக்குக் கைவந்த வேலை. அதைத் தெரிந்துவைத்திருந்த எலக்ட்ரீசியன் ஹமீது, "நம்மகிட்ட வாங்கண்ணே, வீட்டு வயரிங் கத்துக்கலாம்" என்று அழைத்தான். ஹமீது தங்கப்பனின் தம்பியோடு படித்தவன். வேலை சொல்லிக்கொடுப்பவனுக்கு மீசை கறுப்பு, கற்றுக்கொள்பவனுக்கு மீசை பாதி நரை.

"போங்க, வேணாங்கல. ஆனா சாமான் வாங்க நானும் வருவேன்" என்றாள் தையல்நாயகி.

டவுனில் வினோதாவின் எலக்ட்ரிக்கல் கடைக்கு மூவரும் போனார்கள். வினோதா முதலில் ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து நீட்டினாள். தங்கப்பன் பிடித்ததும் அது அவன் கைக்குள் காணாமல் போனது.

"அண்ணே, குடுத்த சாமான திருப்பித் தாங்க, எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று வினோதா சிரித்தாள்.

பெரியதாக ஒன்று வந்தது. "நெறத்தப் பாக்காதீங்கண்ணே. பிடியில போட்டிருக்கற உறை வெடிச்சிருக்கான்னு பாருங்க. அதோட வாய மூடி வெளிச்சத்துல புடிங்க, சந்து தெரியக் கூடாது" என்றான் ஹமீது. தங்கப்பன் அப்படியே பார்த்து எடுத்துக்கொண்டான். ஸ்க்ரூ டிரைவரில் பெரிது ஒன்று, சிறிது ஒன்று. வயரின் தோலை உரிக்க ஒரு ஸ்ட்ரிப்பர். ஒரு டேப். சுவர் உடைக்கும் உளியையும் எடுக்கப் போனவனை ஹமீது தடுத்தான். "அது எங்கிட்ட இருக்கு. மொதல் நாளே மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஏணி ஏற முடியாம நிக்கப் போறீங்களா?"

கடைசியில், கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் டெஸ்டர். தங்கப்பன் ஆசையோடு காத்திருந்தது இதற்காகத்தான். சட்டைப்பையில் டெஸ்டர் குத்தியிருந்தால்தான் பார்க்கிறவர்கள் எலக்ட்ரீசியன் என்று சொல்வார்கள் என்பது அவன் எண்ணம். கண்ணாடிபோல் பளபளத்த ஒன்றை எடுத்து, அங்கேயே பையில் குத்தி, மனைவியைப் பார்த்தான்.

"மாப்பிள்ளைதான்" என்றாள் அவள்.

வாசலோர மேசைமேல் மூடி கழற்றிய பிளக் போர்டு ஒன்று இருந்தது. ஹமீது காட்டியபடி டெஸ்டரின் முனையை வைத்து, அதன் தலையில் விரலை அழுத்தினான் தங்கப்பன். எரியவில்லை. அதைப் பையில் குத்திக்கொண்டு வேறொன்று எடுத்தான். அதுவும் எரியவில்லை.

"கரண்ட் இல்ல போல" என்றபடி, படகு பேட்டரியில் செய்து பழகிய தோரணையில் செப்பு முனையை விரலால் நகர்த்தப் போனான். ஹமீது பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே! இது படகு இல்லண்ணே, வீட்டு கரண்ட்டு!"

அதே டெஸ்டரை ஹமீது வைத்தபோது எரிந்தது. தையல்நாயகி வாங்கி, பயந்து பயந்து வைத்தபோதும் எரிந்தது. மறுபடி தங்கப்பன் வைத்தான். கடைவாசலின் வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை.

"நம்ம உடம்பு வழியா துளி கரண்ட் போனாத்தான் இது எரியும். அண்ணன் கையில கயிறு இழுத்து இழுத்து காய்ச்சுப்போயிருக்கு. காலுல ரப்பர் செருப்பு வேற. மங்கலா எரிஞ்சிருக்கும், வெளிச்சத்துல தெரியல" என்றான் ஹமீது.

தையல்நாயகி டெஸ்டரையே முறைத்துப் பார்த்தாள். கரண்ட் இருக்கும்போதே இல்லையென்று இது இவரிடம் சொல்லும். இவரும் நம்பிக் கையை வைப்பார். கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்ற நாளெல்லாம் அவள் கண்முன் வந்தது.

"வேணாம். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

தங்கப்பன் நகரவில்லை. "கடல விடச்சொன்ன, விட்டுட்டேன். இதுவும் வேணாம்னா நான் எங்க போவேன் தையலு?"

வினோதா டப்பாக்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டாள். தையல்நாயகி கணவனின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தெரிந்த கைதான். குழந்தைக்குச் சோறு ஊட்டிய கை, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்ட கை. அதைப் பிடித்துக்கொண்டே ஹமீதிடம் கேட்டாள்.

"தம்பி, இவரு கைய எதிர்பாக்காம தானா எரியற சாமான் எதாவது இருக்கா?"

"டெஸ்ட் லேம்ப் இருக்குக்கா. ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, ரெண்டு வயரு. புடிக்கிற எடத்துல ரப்பர் போட்டுக்கலாம். யார் புடிச்சாலும் ஒண்ணுதான். ஆனா பல்பு ஃபியூஸ் போயிருந்தா அதுவும் ஏமாத்தும். அதனால கரண்ட் இருக்கற எடத்துல ஒருதடவ எரிய வச்சிப் பாத்துட்டுத்தான் வேலைக்குள்ள போவணும்."

வினோதா பொருள்களை எடுத்து வைத்தாள். வயரை ஹோல்டருக்குள் விட்டு முடிச்சுப் போட்டது தங்கப்பன்தான். எவ்வளவு இழுத்தாலும் அவிழாத முடிச்சு. ஹமீதே இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். போர்டில் வைத்ததும் பல்பு பளீரென்று எரிந்தது.

தங்கப்பனின் முகம்தான் மலரவில்லை. "இத எப்படிப் பையில குத்துறது? கல்யாண வீட்டுக்கு லைட் கட்டப் போறவன் மாதிரில்ல இருக்கும்?"

"தோள்ல மாட்டிக்கிட்டுப் போங்க. சிரிக்கிறவ சிரிக்கட்டும். எனக்கு நீங்க வீட்டுக்கு வரணும்."

தங்கப்பன் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, டப்பாவில் திரும்ப வைத்தான்.

திங்கட்கிழமை தருமபுரத்தில் ஒரு வீட்டில் வேலை. அன்று தையல்நாயகியின் கவனம் ஏலத்திலேயே இல்லை. சங்கரா மீனை வவ்வால் மீன் என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தாள். வெயில் ஏறிய நேரத்தில் போன் அடித்தது. ஹமீது. அவசரமாகக் காதில் வைத்தாள்.

"அக்கா, இவர வச்சிக்கிட்டு என்னக்கா பண்றது? நான் மெயின ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னாலும் கேக்கறதில்ல. ஒவ்வொரு வயருக்கும் அந்த பல்ப தூக்கிக்கிட்டு ரெண்டு ரெண்டு தடவ பாக்குறாரு. ஒரு ரூமே இன்னும் முடியல!"

பின்னால் தங்கப்பன் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. தையல்நாயகி புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

"மூணு தடவ பாக்கச் சொல்லு தம்பி" என்று போனை வைத்துவிட்டு, "யாருக்கு வவ்வாலு?" என்று குரலை உயர்த்தினாள். இந்த முறை கையில் இருந்தது வவ்வால்தான்.