நான் எழுதிக்கொடுத்த ஆறு வரிகள்

நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். உண்மையைச் சொல்லிக்கூட அல்ல... பொய் சொல்லிக் காட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் கனடாவின் மொன்றியலில் தமிழ் வானொலி கேட்பவரானால் என் குரலை அறிவீர்கள். ஞாயிறு காலையில் செய்தி, பாட்டு, இடையிடையே மரண அறிவித்தல். பதினெட்டு வருடங்களாக உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்துபோகும் குரல் அது. அதே குரலால் இதைச் சொல்லத் துணிவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் பெயர் நிறைமதி. சீனப் பெண். பெய்ஜிங்கில் அரச வானொலியின் தமிழ்ப் பிரிவில் வேலை செய்தபோது வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் அது. ஜான்-டலோன் சந்தையில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டு நான் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“மன்னிக்க வேண்டும் ஐயா. தாங்கள் யாழ்ப்பாணத்தவரா?”

கையிலிருந்த பாகற்காய் கீழே விழுந்துவிட்டது! அப்படியொரு தமிழ். பாடப்புத்தகம் எழுந்து வந்து பேசியதுபோல இருந்தது.

நகரத்தின் மேற்கே ரொக்ஸ்பரோவில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். பகலில் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை. நான்தான் அவளை எங்கள் வானொலி நிலையத்துக்கு அழைத்துவந்தேன். வாரம் இருபது நிமிடம் கொடுத்தேன். ‘ழ’ சொல்லப் பழகப் பட்ட பாட்டைச் சொன்னாள். தன் ஊர் மாவுருண்டையையும் எங்கள் கொழுக்கட்டையையும் ஒப்பிட்டாள். அரசியல்? ஒரு சொல் இல்லை. ஏன் இங்கே வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“அங்கே பதினாறு ஆண்டுகள் பிறர் எழுதியதை வாசித்தேன் ஐயா. இங்கே நானே எழுதி நானே வாசிக்கிறேன். இந்த நகரத்தை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.”

இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் மறக்கவில்லை... மறந்திருந்தாலாவது என் குற்றம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நேயர்கள் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சனிக்கிழமை, தகப்பனை இழந்த ஒருவர் அழைத்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. அப்பான்ரை அறிவித்தலை அந்தச் சீன அக்கா வாசிச்சால் நல்லம்.”

“ஏன், நான் வாசிச்சால் என்ன?”

“போன மாசம் எங்கடை மாமியைக் காலஞ்சென்றவ எண்டு வாசிச்சுப்போட்டியள். மனுசி உயிரோடை இருந்து ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தவ!”

உண்மைதான். மகன், மருமகள், பெறாமகன், சம்பந்தி என்று நீளும் பட்டியலில் கண் ஒரு வரி தாவிவிட்டது. எங்கள் சனத்துக்கு மரண அறிவித்தல் எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை வாசிப்பவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை ஒரு சீனத்தியிடம் போனது! அவள் வாசித்தாள். ஒரு பெயர் பிசகவில்லை. அன்று மாலை நான் சாப்பிடவில்லை. பொறாமை என்ற சொல்லை அப்போது எனக்குள்ளேகூட நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து ஓர் ஊடக அமைப்பு எங்களைத் தேடி வந்தது. புலம்பெயர்ந்தவர்களின் வானொலிகளுக்குள் சீனாவின் செல்வாக்கு எப்படி நுழைகிறது என்று அறிக்கை தயாரிக்கிறார்களாம். ஒத்துழைக்கும் நிலையங்களுக்கு அவர்களே நிகழ்ச்சிகளைத் தயாரித்துத் தருவார்களாம். ஒரு படிவம் அனுப்பினார்கள். சீன ஒலிபரப்பில் வேலை செய்த எவராவது உங்கள் நிலையத்தில் இருக்கிறாரா? இருந்தால் விவரிக்கவும்.

ஆறு வரி எழுதினேன். பழக்கவழக்கம், சாப்பாடு என்ற போர்வையில் சீன அரசுக்கு ஆதரவான கருத்துகளை நயமாகப் பரப்புகிறார் என்று எழுதினேன். நேயர்கள் மயங்கிவிட்டார்கள் என்று எழுதினேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா!

எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். அவள் வருவதற்கு முன்பே பெய்ஜிங் அரச வானொலி தயாரித்த நிகழ்ச்சிகள் எங்களுக்கு ஒலிப்பொதிகளாக வந்துகொண்டிருந்தன. வேக ரயில், தேயிலைத் தோட்டம், பனி விழா... நேரத்தை நிரப்ப வேண்டுமே! எங்கள் சொந்தத் தயாரிப்புப்போல அவற்றை ஒலிபரப்பியவன் நான். நிறைமதி அல்ல... நான்!

ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில், ஆள் காட்டிக்கொடுக்க முகத்தை மூடி உட்கார்ந்திருந்த தலையாட்டி ஒருவனின் முன்னால் எங்களை வரிசையாக நடத்தினார்கள். என் அண்ணனைக் கண்டதும் அவன் தலையசைத்தான். அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த முகமூடிக்காரனை வாழ்நாளெல்லாம் சபித்தவன் நான். படிவத்தை நிரப்பும்போது அவன் நினைவு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வந்தும் எழுதினேன்.

அமெரிக்கர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவள் பெயர் இல்லை. ‘மொன்றியலில் தமிழில் ஒலிபரப்பும் சீனப் பெண்’ என்று மட்டும் இருந்தது. இந்த நகரத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. கார்டெரியில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். இரண்டு வாரத்தில் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொல்லி அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையோடு பிணைந்திருந்தது கனடாவில் தங்குவதற்கான அவளுடைய அனுமதிப்பத்திரம்.

அவள் என்னிடம்தான் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஐயா, நான் அரசியல் பேசியதில்லை என்று தாங்கள் ஒரு கடிதம் தருவீர்களா? குடிவரவு அலுவலகத்தில் காட்ட வேண்டும்.”

“பேந்து பாப்பம் பிள்ளை. இப்ப நான் எழுதினால் ரேடியோவுக்கும் பிரச்சினை வரும்.”

“தங்களுக்கு இடையூறு வேண்டாம் ஐயா. தாங்கள் எனக்கு நிறையச் செய்திருக்கிறீர்கள்.”

மேசையில் கடதாசி இருந்தது, பேனா இருந்தது. பத்து நிமிட வேலை. நான் எழுதவில்லை... பனிக்காலம் முடியும் முன்பே அவள் சீனாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

“சீன அக்கா எங்கை அண்ணை?” என்று ஒரு நேயர் நேரலையில் கேட்டார்.

“அவ ஊருக்குப் போட்டா. தாய் தகப்பனோடை இருக்க விருப்பமாம்” என்றேன். நாக்கு கூசவில்லை.

கோடையில் ஒரு மின்னஞ்சல் வந்தது.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, நலம் அறிய ஆவல். அமெரிக்கரோடு தொடர்புள்ள வானொலியில் ஏன் பேசினாய் என்று இங்கே என்னை அழைத்து விசாரித்தார்கள். அதன் பொறுப்பாளர் யார் என்று பலமுறை கேட்டார்கள். தங்களுக்கு வீண் தொல்லை வரக்கூடாது என்று தங்கள் பெயரை நான் சொல்லவில்லை. நினைவில்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை. இனி எனக்கு வானொலியில் வேலை கிடைக்காது. தாங்கள் வருந்த வேண்டாம்.”

அதை எத்தனை முறை வாசித்தேன் என்று கேட்காதீர்கள். பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் என் பாரம் இறங்கும். அவளுக்கு? தான் காப்பாற்றியது யாரை என்று தெரிந்துகொண்டு அவள் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும்... அதனால்தான் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பயத்தால் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அமெரிக்க நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிவிட்டன. அழகாகத் தட்டச்சிட்ட தமிழில் வருகின்றன. ஞாயிறு தோறும் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, என் சொந்தக் கருத்துப்போல ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறேன். முடிந்ததும் நீங்கள் அழைத்து, “நல்லாய்ச் சொன்னியள் அண்ணை” என்கிறீர்கள்.