தறி நூலில் கட்டிய சாரம்

சேலத்தில் எங்கள் விசைத்தறிக் கூடத்துக்கு மேலே மாடி கட்டிக்கொண்டிருந்தோம். சாரம் கட்டக் கயிறு போதவில்லை என்றார் மேஸ்திரி. தறியில் மிஞ்சிய கழிவு நூலை முறுக்கி நானே கயிறு திரித்துக் கொடுத்தேன். தறிக்காரன் வீட்டில் கயிற்றுக்குப் பஞ்சமா என்று பெருமை வேறு!

சில வாரம் கழித்து, கட்டடப் பாதுகாப்பைச் சோதிக்க அரசு ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். ஒரு முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தவர், "எல்லாரும் கீழ இறங்குங்க" என்றார்.

"லாரியையே இழுக்குமுங்க மேடம்" என்றேன் சூடாக.

"சுவத்துக்குத் தினமும் தண்ணி ஊத்துறீங்க. நனைஞ்சு நனைஞ்சு இத்துப்போச்சு, பாருங்க" என்று கிள்ளிக் காட்டினார். இழையிழையாய்ப் பிரிந்து வந்தது.

கடைசிச் சித்தாள் இறங்கும்வரை அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. அன்று மாலை அடித்த காற்றில் சாரம் மொத்தமாகச் சரிந்தது. அடியில் ஒருவரும் இல்லை.

இரும்புச் சாரம் வந்ததும் அவரே முதலில் ஏறி, உலுக்கிப் பார்த்த பிறகுதான் வேலைக்கு அனுமதித்தார். என்ன மனுஷி!

இப்போது தினமும் காலையில் நான்தான் முதலில் ஏறுகிறேன். உயரம் என்றாலே எனக்குக் கால் நடுங்கும். நடுங்கட்டும். நான் நின்று பார்க்காத பலகையில் இன்னொருவரை நிற்கச் சொல்வதில்லை.