மஸ்கட்டிலிருந்து வந்த சர்க்யூட்

மும்பையில் குர்லா ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். செம்பு ஒட்டிய பலகையை மெஷினில் செதுக்கி சர்க்யூட் போர்டு செய்து கொடுக்கும் இடம். மெஷின் பக்கம் நான் போவதில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் வரைபடத்தை மெஷினுக்குப் புரிகிற ஃபைல்களாக மாற்றுவதுதான் என் வேலை. செம்பில் கோடுகள் எங்கே, ஓட்டைகள் எங்கே, வெளி விளிம்பு எங்கே என்று ஒரு போர்டுக்கு மூன்று ஃபைல். எத்தனையோ பேருடைய வரைபடங்களைத் தயார் செய்திருக்கிறேன். ஒன்றே ஒன்றில்தான் பெரிய தப்புச் செய்தேன். அது என் கணவர் அனுப்பியது.

கல்யாணமான ஏழாவது மாதம் அவர் மஸ்கட் போனார். அங்கே லிஃப்ட் பராமரிக்கிற வேலை. அதற்கு முன்னால் தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி மிக்ஸி, டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். போன புதிதில் தினமும் போன் பேசினோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வெயில் எப்படி. கொஞ்ச நாளில் பேச்சு தீர்ந்துவிட்டது. ஏழு மாதம் சேர்ந்து இருந்தவர்களுக்குப் பேச எவ்வளவுதான் இருக்கும்? போனை வைத்த பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும்.

ஒருநாள் அவர் கேட்டார்: "அம்மா இன்னும் கொழாய்ப் பக்கத்துலயேதான் உக்காந்திருக்காளா?"

"ஆமா, அத்தை அங்கனயேதான் இருக்காவ. தண்ணி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும். மத்தியானம் செத்த நேரம் படுக்கக்கூட மாட்டேங்காவ."

"நான் ஒரு அலாரம் வரைஞ்சு அனுப்புதேன். நீ போர்டு போட்டுரு."

குழாய் வாயில் இரண்டு வயர். தண்ணீர் இரண்டையும் தொட்டால் பஸ்ஸர் அடிக்கும். எளிய சர்க்யூட்தான். ஆனால் அவருக்குக் கம்ப்யூட்டரில் வரையத் தெரியாது. அறையில் கூட இருப்பவரின் லேப்டாப்பை வாங்கி, வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். எங்களுக்குப் பேச மறுபடியும் விஷயம் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பட்டறையிலிருந்தே பேசுவேன்.

"ஏங்க, கோடெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கு. எங்க மெஷினுல செதுக்குத பிட்டு நடுவுல போவாது. கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்க."

"நாம தள்ளி இருக்கது போதாதாக்கும்?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எதிர் மேசையில் முதலாளி பாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீக் ஹை, மாத்தி அனுப்புதேன்" என்றார் என் கணவர்.

நாலாவது தடவை வந்த வரைபடம் சரியாக இருந்தது. அதன் ஓரத்தில், செம்பிலேயே, தமிழில் எழுதியிருந்தார்: "தன்னி வந்துட்டு". அவர் படித்தது ஹிந்தி மீடியம். தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். தமிழில் இருக்கிற கடை போர்டுகளை அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எனக்குத் தமிழில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்த இரண்டு சொற்களைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். 'ன்னி'யை 'ண்ணி'யாகத் திருத்த மனம் வரவில்லை.

பாகங்கள் மேல்பக்கம் நிற்கும், செம்புக் கோடுகள் அடிப்பக்கம் இருக்கும். அதனால் போர்டின் அடிப்பக்கத்தைச் செதுக்கும்போது வரைபடத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்ப வேண்டும். தினமும் செய்கிற காரியம். அன்றும் திருப்பினேன். எழுத்தும் திரும்பி, படிக்க முடியாமல் போயிற்று. எனக்கு அது பொறுக்கவில்லை. எழுத்து நேராகத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்து ஃபைலை எடுத்தேன். சர்க்யூட்டும் அதோடு சேர்ந்து திரும்பியது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை.

செதுக்கி முடித்ததும் பாய் போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "என்ன தங்கச்சி, ஐசி சிப்போட கால் எல்லாம் இடம் மாறிக் கெடக்கு? நீ இப்படிச் செய்ய மாட்டியே. யாரு போர்டு இது?"

"வீட்டுக்குத்தான் பாய்."

அவர் எழுத்தைப் படித்தார். அதில் இருந்த பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஐசிய செம்புப் பக்கமே வச்சு ஒட்டிரலாம், வேலை செய்யும்" என்றார்.

"வேண்டாம் பாய். சரியாவே போடுதேன்."

எழுத்தை மட்டும் வரைபடத்தில் தனியாகத் திருப்பி, பிறகு மொத்தத்தையும் திருப்பி, புது ஃபைல் எடுத்தேன். பாய் இன்னொரு பலகையை மெஷினில் வைத்தார். கெட்டுப்போன போர்டை நான் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

அன்று சாயங்காலம் போனில் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எழுத்துக்காகவா திருப்புன?" என்று கேட்டார். "இங்க ஒரு நெல்லைக்கார அண்ணன்கிட்ட ஒவ்வொரு எழுத்தா கேட்டு எழுதுனேன் பிள்ள. அதுல தப்பு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாகங்களை ஒட்டி முடித்த போர்டைக் குழாய்க்கு மேலே சுவரில் மாட்டினேன். நாலரை மணிக்குப் பஸ்ஸர் அடித்தது. உள்ளே படுத்திருந்த அத்தை பதறி எழுந்து குடத்தோடு ஓடி வந்தார். நான் மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். அங்கே மணி மூன்று. ஏதோ கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார்.

"கேக்குதா?"

"கேக்கு. நிப்பாட்டாத, இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."

அடிக்க விட்டேன். பிறகு வயரை எடுத்துவிட்டேன். தண்ணீர் டிரம்மில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு நடுவில்தான் அவர் சொன்னார்: "கம்பெனில இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போவச் சொல்லுதாங்க. சரின்னுட்டேன்."

நான் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தார்.

"கோவமா?"

"இல்ல."

"வேலைக்குக் கூப்பிடுதாங்க. தண்ணி நெறஞ்சிட்டா? நெறஞ்சதும் போன வைக்கேன்."

டிரம் விளிம்பைத் தாண்டி வழிந்து என் காலை நனைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் நெறையல" என்றேன்.