ஆற்றில் விட வேண்டிய காகிதங்கள்

பிஸ்கட் டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து, சபிஹாவும் அவள் உம்மா சைத்தூன் பீவியும் அதில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். டப்பா இடியாப்ப மாவுக்கு. காகிதத்தில் குர்ஆனின் எழுத்தான அரபி எழுத்து இருந்ததால் அதைக் குப்பையில் போட உம்மாவுக்கு மனம் வராது. காயவைத்துத் துணிப்பையில் சேர்த்துவைப்பார்; காவிரியில் தண்ணீர் வந்ததும் ஆற்றோடு விட்டுவிடுவார். அது சித்திரை. மயிலாடுதுறையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.

“தண்ணி வரட்டும். நாம ரெண்டு பேரும் போய் விட்டுட்டு வந்துடுவோம்” என்றார் உம்மா.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

கணவர் இறந்தபோது சைத்தூன் பீவிக்கு முப்பத்திரண்டு வயது. விடிவதற்குள் இடியாப்பம் பிழிந்து விற்றார். மாலையில் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். அப்படித்தான் சபிஹா உணவுத் தொழில்நுட்பம் படித்து, தஞ்சாவூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பி ஜாபிர் பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஷார்ஜா போனான். உம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து, ஊருக்கு வரும் யார் கையிலாவது பிஸ்கட் டப்பா கொடுத்தனுப்பினான். டப்பாவின் மேல் சிவப்பு இதயம். அதன் கீழே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று அரபியில் ஒரு வரி.

உம்மாவுக்கு அரபி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. அர்த்தத்தை ஜாபிர் போனில் சொல்லியிருந்தான். ஓதும் எழுத்தில் வந்த வாக்கு தப்பாகாது என்று நம்பினார். டப்பாவைக் கால் படாத உயரத்தில், மேல் அலமாரியில் வைத்தார். டீயோடு தினமும் நான்கு பிஸ்கட். அடுத்த வீட்டுக் கமருன்னிஸாவிடம் அது மருந்து மாதிரி என்றும், மகன் அனுப்புவது என்றும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

சபிஹா ஒரு பிஸ்கட்டை எடுத்துப்போய்ச் சோதித்தாள். நூறு கிராமில் அறுபத்தெட்டு கிராம் மாவுச்சத்து. எழுதியிருந்தது பொய்யில்லை, சர்க்கரை சேர்க்கவில்லைதான். மைதா உள்ளே போய்ச் சர்க்கரையாகும், அவ்வளவே. இதயம் வெறும் படம். இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னாள். வறுத்த கொண்டைக்கடலையை டப்பாவில் அடைத்து, தேதியும் அளவும் தமிழில் எழுதி ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த முறை வந்தபோது ஓத வந்த பிள்ளைகள் அதைத் தின்று தீர்த்திருந்தார்கள். ஜாபிரின் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வருகிறவள் இவள்; மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன் அவன். மேல் அலமாரி அவனுக்கு.

அன்று காகிதம் உரிக்கும்போதும் அறுபத்தெட்டு கிராமில் ஆரம்பித்தாள். உம்மா நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும், சபி. இதையே நீ வாங்கிட்டு வந்திருந்தா இவ்வளவு சொல்லியிருப்பியா?”

உம்மா சிரித்தபடி ஈரக் காகிதத்தை அவளிடம் நீட்டினார், கொடியில் போடச் சொல்லி.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் மாரடைப்பில் உம்மா போய்விட்டார். பிஸ்கட்தான் காரணம் என்று சபிஹா சொல்லமாட்டாள். அதற்கு ஆதாரம் இல்லை. தன் பேச்சு ஏன் எடுபடவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சொன்ன எண் சரி. சொன்ன குரலில் பொறாமை இருந்தது. உம்மாவின் காதில் அதுதான் விழுந்தது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் துணிப்பையைக் கொட்டிப் பார்த்தாள். பதினொரு காகிதங்கள், அத்தனையும் ஜாபிருடையவை. தமிழில் எழுதியதை யாரும் ஆற்றில் விடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தன் கையெழுத்து இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினாள்.

ஆனியில் ஜாபிர் போன் செய்தான்.

“அக்கா, ஆத்துல தண்ணி வந்துருச்சா? அந்தக் காகிதத்தையெல்லாம் விடணும்னு உம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஆடியில லீவு கிடைக்கும். நானே வந்து விட்டுடறேன்.”

‘நாம ரெண்டு பேரும்’ என்று உம்மா சொன்னது இவளிடம். அவனிடம் இல்லை.

“இன்னும் வரலைடா” என்றாள் சபிஹா.

தண்ணீர் வந்து நான்கு நாளாகியிருந்தது. பை, உம்மா மாட்டிய ஆணியிலேயே தொங்கியது.