பஸ் நிலையத்தில் ரதி

தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சும்போது எழும் தோல் வாடை பஸ் புகையோடு கலந்து வந்தால், எனக்கு இன்றும் ரதியின் ஒப்பாரி காதில் கேட்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருடா வருடம் மாசியில் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் ஆடுகிற காமன் கூத்தை, நான் ஏழாம் ஆண்டு படித்தபோது ஒரு பின்னேரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்கே கொண்டுவந்து ஆடினார்கள். சிவன் எரித்த மதனை இழந்து அழுகிற ரதி வேஷம் என் அப்பாவுக்கு.

லயத்தில் அது பெருமை. "காப்பு" கட்டி விரதமிருக்கும் ரதியைப் பெரியவர்கள்கூடக் கும்பிடுவார்கள். ஆனால் நான் படித்தது டவுன் பள்ளிக்கூடத்தில். சேலையும் சவுரியுமாக அப்பாவைக் கூட்டாளிகள் பார்த்தால் என் மானம் என்னாவது!

பள்ளி விட்டு நிலையத்துக்கு வந்தபோது தப்பு முழக்கம் தொடங்கிவிட்டது. யாரும் கயிறு கட்டவில்லை, கோடு கிழிக்கவில்லை. ஆனாலும் சனம் வட்டமாக நின்றது, பஸ்கள் தாமாக ஒதுங்கின. என் கூட்டாளி பர்வீனின் வாப்பா நிலையத்தில் இருந்த தன் கடையில் பாட்டை நிறுத்தினார். மதன் எரிந்ததும் அப்பா தரையில் விழுந்து ஒப்பாரி வைக்க, எந்நேரமும் ஊர்ப்பெயர்களைக் கத்துகிற கொண்டக்டர்மாரும் வாயடைத்து நின்றார்கள். இவ்வளவு இரைச்சலும் எங்கே போனது என்ற ஆச்சரியத்தில் நான் முன்வரிசைக்கே வந்துவிட்டேன்.

"யாருடி அந்த ரதி? ஒன்னயே பாக்குறாரு," என்றாள் பர்வீன்.

"எனக்குத் தெரியாதுடி."

அப்பா இரண்டடி தூரத்தில் இருந்தார். ஒப்பாரி ஒரு கணம் தடுக்கி, பிறகு தொடர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தும், மை கலைந்த முகத்தோடு அப்பா பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டில் அம்மாவிடம், "புள்ளைக்குச் சங்கடம் வந்துறக் கூடாதுல்ல," என்றார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது அந்த இடத்தில் பெரிய திரை ஒன்று நாள் முழுக்க விளம்பரம் காட்டுகிறது. அவ்வளவு வெளிச்சம் இருந்தும் அதைச் சுற்றிச் சனம் வட்டமாக நின்று நான் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே போன வாரம் கிளினிக்குக்குப் போகும் வழியில் அப்பாவை அந்தத் திரைக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்தேன். வாப்பாவின் கடையை நடத்தும் பர்வீன் எட்டிப் பார்த்து, "யாருடி இவங்க?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு இங்க ரதியா ஆடுனாருல்ல, அவருதான். எங்க அப்பா."

சத்தமாகவே சொன்னேன். திரையைப் பார்த்தபடியே அப்பா பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.